பெரியண்ணன் சார் கேட்டு வைத்த மரம்

பெரியண்ணன் சார் இறந்த செய்தி எங்கள் பள்ளிக்கு முதல் பாடவேளையில் வந்தது. தலைமையாசிரியர் வகுப்பு வாசலில் நின்று, "டீச்சர், நம்ம பி.டி. சார் போயிட்டாருங்க" என்றார். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தாராம்; பிறகு எழவேயில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்; கொல்லிமலை அடிவாரத்து விவசாயக் குடும்பம். அவர் அதட்டினால் மைதானத்தின் மறுகோடியில் ஓடுகிற பிள்ளை அப்படியே நின்றுவிடும். அப்படிப்பட்ட மனிதர் ஒரு பறவையைப் பார்த்துவிட்டால் மூச்சுவிடக்கூட யோசிப்பார். நான் தமிழாசிரியை, பறவை என்றால் எனக்குக் காக்கையும் கோழியும்தான். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா சார்?" என்று எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். "இருக்குதுங்க டீச்சர், அதுக்கு நடுவுலதான் இது" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் கணவரையும் தம் ஊருக்கு அழைத்துப் போனார். எங்கள் பக்கம் சோளம் விதைக்கிற மானாவாரி நிலமும் காடுதான், மலைக்காடும் காடுதான். இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், அவருடைய பெரியப்பா மகன் நல்லுசாமியின் நிலத்தோரம், ஒரு பெரிய வாகை மரம் பட்டுப்போய் நின்றது. இலை இல்லை, பட்டையும் பாதி உரிந்துவிட்டது. அதில் ஒரு மரங்கொத்தி வந்து ஒட்டியது.

"தென்னந்தோப்புல வர்றதுதானே சார் இது?" என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

"அட, பிடரியப் பாருங்க டீச்சர்! தோப்புல வர்றதுக்குப் பிடரி கறுப்பு. இதுக்கு வெள்ளை. அந்த வெள்ளை முதுகு வரைக்கும் இறங்குது பாருங்க. இது காய்ஞ்ச காட்டை உட்டு வெளிய வராதுங்க. இந்தப் பக்கத்துல இதுக்குப் பொந்து வெக்கறாப்புல இருக்கறது இந்த ஒரு மரந்தான். பட்ட மரத்தை எவன் உட்டு வெக்கறான்?"

பார்த்தேன். பின்கழுத்தில் சுண்ணாம்பு தீற்றியது போல் வெள்ளை இருந்தது. அதற்குள் மனிதர் தொலைநோக்கியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் கஞ்சர்.

கொஞ்ச நாளில் ஒரு விறகு வியாபாரி வந்து அந்த மரத்துக்கு விலை பேசினார். நல்லுசாமி அண்ணனும் சரியென்று தலையாட்டிவிட்டார். சார் ஓடிப்போய்த் தடுத்தார். மறுநாள் ஆசிரியர் அறையில் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"குருவிக்குன்னு சொன்னா ஊரே சிரிக்குமுங்க டீச்சர். எங்கூட்டுல கூடச் சொல்லலை. 'அந்த மரம் எனக்கு வேணுங்கண்ணா, நான் இருக்கற வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது'ன்னுட்டேன். எதுக்குன்னு அண்ணன் கேக்கவே இல்லை."

"கெட்டிக்காரர்தான், போங்க" என்றேன்.

அதன்பின் அந்த மரத்தை யாரும் தொடவில்லை. போன வாரம்கூட, "பொந்துக்குள்ள குஞ்சு கத்துதுங்க டீச்சர். பறந்து போறதுக்குள்ள ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். "பேப்பர் திருத்தி முடிச்சுட்டு வாரேன் சார்" என்றேன்.

அவர் இறந்த அன்று மதியம்தான் அந்த ஊருக்குப் போனேன். வாசலில் கிடத்தியிருந்தார்கள். யாரோ அவருடைய விசிலை மார்பின் மேல் வைத்திருந்தார்கள். அவர் மனைவி மரகதம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. எங்களுக்கு அந்த வாசலோடு சரி.

அப்போது விறகு ஏற்றிய டிராக்டர் ஒன்று சுடுகாட்டுப் பாதைக்குத் திரும்பியது. பின்னாலேயே நல்லுசாமி அண்ணன் வந்தார். சட்டையெல்லாம் மரத்தூள். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"தம்பி தனக்குன்னு சொல்லி வெச்ச மரமுங்க டீச்சர். எத்தனையோ பேரு கேட்டாங்க, குடுக்கலை. இன்னைக்கு அவஞ் சிதைக்கு நானே நின்னு வெட்டுனேன். அவஞ் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டனுங்க." சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார்.

டிராக்டரை எட்டிப் பார்த்தேன். மேலே கிடந்த கட்டையில் வட்டமாக ஒரு பொந்து.

"அதுக்குள்ள ஏதாச்சும் இருந்துச்சுங்களா அண்ணா?"

"ரெண்டு குருவிக்குஞ்சு இருந்துச்சுங்க. மரம் உழுந்த வேகத்துல செத்துப்போச்சு, பாவம்" என்று துண்டால் முகத்தைத் துடைத்தபடி டிராக்டருக்குப் பின்னால் நடந்தார்.

மரகதம் அக்கா என் தோளில் சாய்ந்து, "அவரு ஆசைப்பட்டபடியே ஆச்சுங்களே டீச்சர்" என்றார். அந்த ஒரு ஆறுதல்தான் அவருக்கு மிச்சம். "ஆமாங்கக்கா" என்றேன். ஐயோ சார், வேறென்ன சொல்வேன்? உங்கள் மேல் வைத்த பாசத்தால்தான் வெட்டினார்கள். கோபப்படக்கூட எனக்கு ஒரு ஆள் இல்லை.

சாம்பல் அள்ளிய அன்று யாரிடமும் சொல்லாமல் அந்த நிலத்தோரம் போய் நின்றேன். அடிக்கட்டையைச் சுற்றி மரத்தூள் கிடந்தது. சற்று நேரத்தில் மலைப்பக்கமிருந்து ஒரு மரங்கொத்தி வந்தது. வாயில் இரை இருந்தது. பொந்து இருந்த உயரத்துக்கு நேராகப் பறந்து வந்து, ஒட்ட மரமில்லாமல் தடுமாறித் திரும்பியது. மறுபடியும் வந்தது. இரையைக் கீழே போடவே இல்லை.

இந்தத் தடவை நன்றாகப் பார்த்தேன் சார். பிடரி வெள்ளைதான். போய் வாருங்கள்.