எவ்வளவு போனால் அதிகம்?

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் கள்ளக்குறிச்சி சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. கல்வராயன் மலையில் ஒரு சிற்றூரில் நான் மாட்டிக்கொண்டேன். பெண்களின் மாதவிலக்கு நலத்தை எதை வைத்து அளப்பது, அரசாங்கத்துக்கு என்ன சொல்வது என்று ஒரு குழு கேள்விகள் தயாரித்துக்கொண்டிருந்தது. அவற்றை ஊர்ப் பெண்களிடம் கேட்டுப் பார்ப்பது என் வேலை. படித்த திமிரோடுதான் மலை ஏறியிருந்தேன்.

போன இடத்தில் எனக்கே மாதவிலக்கு வந்துவிட்டது. தங்க இடம் கொடுத்த வீட்டம்மா ஊருக்கு வெளியே இருந்த குடிசையைக் கை காட்டினார். தூரமானால் அங்கேதான் இருக்க வேண்டும். நின்ற பிறகுதான் ஊருக்குள் வரலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஒதுக்கி வைத்தால் அந்த ஊருக்குக் கெட்ட மதிப்பெண், குடிசையை இடிக்கச் சொல்லலாம் என்பதுதான் எங்கள் கணக்கு.

குடிசையில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். முகம் வெளிறிக் கிடந்தது. மாதத்தில் பாதி இங்கேதான் என்றாள்.

“பாவம்க்கா” என்றேன்.

“இன்னா பாவம்? வூட்ல இருந்தா வெறகு, தண்ணி, காடுன்னு ஓடிக்கினே இருக்கணும். இங்க வந்தாதான் இடுப்ப சாய்க்கிறேன். என்னப் பாத்து ஊர்ல வவுறு எரியறாளுங்க.”

இந்தக் குடிசை நல்லதா, கெட்டதா? வேலைக்குப் போக முடியாத நாட்களைக் கஷ்டம் என்று நாங்கள் வைத்திருந்தோம்; இவள் ஓய்வு என்கிறாள். ரொம்பப் போகிறதா என்று எங்கள் கேள்வியையே கேட்டேன். “எல்லாருக்கும் போறாப்லதான்” என்றாள். அதையே தாளில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் ஓடையில் துணி அலசினோம். ஒருத்தி துணியை இன்னொருத்தி பார்க்கக் கூடாதென்பது அங்கே வழக்கம். ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டுதான் அலசுவார்களாம். அது தெரியாமல் என்னுடையதை அவள் கல்லிலேயே கொண்டுபோய்ப் போட்டேன்.

அவள் பார்த்துவிட்டாள். “உனக்கு இவ்ளோதானா டீச்சரம்மா?” என்று சிரித்தாள்.

“எல்லாருக்கும் ஏறக்குறைய இவ்வளவுதான்க்கா.”

அவள் சிரிப்பு அடங்கியது. தன் துணிகளைப் பார்த்தாள். எத்தனை முறை அலசியும் தண்ணீர் சிவந்தே ஓடியது.

“அப்ப எனக்கு இன்னாது இது?”

பயந்துபோனேன். பஸ் விட்டதும் ஆஸ்பத்திரிக்கு என்னோடு வர வேண்டும் என்றேன். சரியென்று தலையாட்டினாள்.

மரங்களை அகற்றி பஸ் விடுவதற்குள் எனக்குச் சரியாகி, வீட்டம்மாவிடம் திரும்பியிருந்தேன். பையோடு அவளைக் கூப்பிடப் போனேன். தலை வாரி, நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“தூரத்தோட எப்படி ஊருக்குள்ளாற நடந்து பஸ் ஏறறது? நீ முன்னால போ. நிக்கட்டும், நின்னதும் வரேன்.”