குட்டிக்குரங்கும் என் கூழ்வத்தலும்

அன்றைக்குச் சாயங்காலம் மகள் சென்னைக்கு பஸ் ஏற வேண்டும். அவளுக்காக மாடியில் ஊத்தின கூழ்வத்தலுக்கு அது மூணாம் நாள் வெயில். நான் கம்போடு காவல் இருந்தேன்.

கோயில் பக்கமிருந்து வருகிற குட்டிக்குரங்கை எனக்கு நல்லாத் தெரியும். தனியா வந்தால், கம்பைத் தூக்கியதும் சத்தமில்லாமல் ஓடிவிடும். ஆத்தாக்காரி பக்கத்தில் இருந்தால் மட்டும், தொடுவதற்கு முன்னாலேயே அடிபட்ட மாதிரி கீச்சென்று கத்தும். அவள் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்வாள்.

அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன. கம்பைத் தூக்கப் பயம். சத்தம் போடலாமென்றால், அடுத்த மாடியில் பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆள் முன்னால் எனக்குச் சத்தமே வராது. குட்டி ஒரு கை அள்ளித் தின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரி வாளியோடு கீழே இறங்கி, தலை மறைந்ததும், "ஏய்ய்!" என்று கத்தினேன் பாருங்கள், எனக்கே காது அடைத்தது. குரங்குகள் சுவர் தாண்டிப் போய்விட்டன.

படியிலிருந்து அவள் கேட்டாள்: "யாரு மதினி அது? ஆம்பளையாளு வந்திருக்கா?"

"நாந்தான்" என்றேன், மெதுவாக.

"ஆத்தாடி! இம்புட்டுச் சத்தத்தை இத்தனை வருசமா எங்கன வச்சிருந்திய?"

வெட்கத்தோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அந்த ஒரு கை போக, வத்தலெல்லாம் மகள் பையில் ஏறிவிட்டது.