அக்காவுக்கு எடுத்த பட்டுப் பாவாடை

என் அக்கா தேன்மொழி இறந்த முப்பத்தெட்டாவது நாள், அவளுக்குப் பட்டுப் பாவாடை எடுக்க வீட்டில் எல்லாரும் கிளம்பினார்கள். அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. சர்க்கரை நோய் இருந்தது. படிக்க ஒன்று, தூரத்தில் பார்க்க ஒன்று என்று இரண்டு மூக்குக்கண்ணாடி வைத்திருந்தாள். உயிரோடு இருந்தவரை இந்த வீட்டில் யாரும் அவளுக்குப் பட்டு எடுத்துக் கொடுத்ததில்லை. இப்போது எடுத்தார்கள், அதுவும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தைக்கிற அளவில்.

எங்கள் குடும்பங்களில் கல்யாணம் ஆகாமல் இறந்த பெண் அந்த வீட்டுக்குக் கன்னி தெய்வம். புது ஓலைப்பெட்டியில் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், சீப்பு, மஞ்சள் எல்லாம் வைத்து வீட்டுக்குள் உயரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை இறக்கி, புதுத்துணி மாற்றிப் படையல் போடுவார்கள். கன்னி மனம் குளிர்ந்தால் வீட்டில் தடைப்பட்ட கல்யாணம் கூடிவரும் என்பது நம்பிக்கை. என் அண்ணன் துரைப்பாண்டியின் மகளுக்கு இரண்டு வருடமாக வரன் தட்டிப்போய்க்கொண்டிருந்தது. அக்கா நல்ல நேரம் பார்த்துத்தான் செத்திருக்கிறாள் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

இதில் ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்துப் போட்ட மூன்று பேரில் நான் ஒருத்தி. வீட்டில் எனக்கு மட்டும்தான் அது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் அக்கா காலத்துக்கும் பாவாடை கட்டிய பிள்ளையாகப் பெட்டிக்குள் தொங்குவாள். அவளைக் கட்டியவர் இந்த உலகத்தில் இல்லாத ஆள் ஆகிவிடுவார். சொல்வதா வேண்டாமா என்பதைத் தவிர அந்த மூன்று நாளும் எனக்கு வேறு நினைப்பு இல்லை.

அக்கா எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். இருபத்திரண்டு வருடம் பியூரெட் கழுவினாள். அமிலம் தெறித்துச் சேலைகளில் சிறுசிறு ஓட்டைகள் விழுந்திருக்கும். அந்த ஓட்டைகளை வைத்து மதினி முத்துமணி ஒரு நகைச்சுவை வைத்திருந்தாள். "எங்க நாத்தனார் சேலைய எலி கூட மிச்சம் வைக்கல" என்பாள். விருந்தாளி வரும்போதெல்லாம் அதையே சொல்லுவாள். விருந்தாளிகளும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்கள்.

லேபுக்குச் சாமான் சப்ளை செய்ய வருகிறவர் சாம்ராஜ். சிவகிரிக்காரர். டெஸ்ட் டியூப், பீக்கர் எல்லாம் வைக்கோல் சுற்றிய பெட்டியில் பஸ்ஸிலேயே கொண்டுவருவார். ஒரு தடவை பாதி உடைந்துபோய் வந்ததற்கு அக்கா அவரை நிற்கவைத்து ஏசியிருக்கிறாள். மறுவாரம் உடைந்த எல்லாவற்றுக்கும் பதில் புதுசு கொண்டுவந்து, கூடவே தேடிப் பிடித்து ஒரு பனங்கற்கண்டுப் பொட்டலமும் வைத்திருந்தாராம். ஏச்சுக்குப் பனங்கற்கண்டு கொடுக்கிற ஆள். அப்போதே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வரவில்லை.

அவர் கிறிஸ்தவ வேதக்காரர், நாங்கள் சாமி கும்பிடுகிறவர்கள். எனவே சிறப்புத் திருமணச் சட்டத்தில்தான் பதிய வேண்டும். அதற்கு இருவர் பெயரையும் போட்டு அலுவலகத்துப் பலகையில் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம். அவர் ஊர்ப்பக்கத்து அலுவலகத்தில் கொடுத்தார்கள். அந்த முப்பது நாளும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. நான்தான், நம் ஆட்கள் எந்தக் காலத்தில் நோட்டீஸ் போர்டைப் படித்தார்கள் என்று தைரியம் சொன்னேன். முப்பது நாள் முடிந்தது, யாரும் வரவில்லை. எனக்கு என் புத்திசாலித்தனத்தின்மேல் பெருமையாக இருந்தது.

கல்யாணம் முடிந்த கையோடு அக்கா அண்ணன் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். முதலில் என் கல்யாணம் நடக்கட்டும், அப்புறம் சொல்லுவோம் என்றாள். என் கல்யாணம் நடந்தது. நான் புகுந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தேன், அவளைச் சொல்லச் சொல்லி ஒரு தடவைகூட நெருக்கவில்லை. அடுத்து அண்ணன் மகள் சடங்கு. அடுத்து அம்மா படுத்தது. அம்மா போய் வருடம் திரும்பியதும் அண்ணன் மகள் வரன். எல்லாவற்றுக்கும் அக்காவிடம் "இது முடியட்டும்" என்ற ஒரே பதில்தான். செத்துப்போனவளைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லுவேன். அவள் செய்தது தியாகம் இல்லை. பயம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை பஸ்ஸில் சிவகிரிக்குப் போவாள், இருட்டுமுன் திரும்புவாள். வீட்டில் தியான வகுப்பு என்று சொல்லியிருந்தாள். அண்ணன் தன் சிமெண்ட் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க தங்கச்சி பாதி சாமியார்லா, ஆசாபாசமே கிடையாது" என்று பெருமையடிப்பான். பாதிச் சாமியாரின் சம்பளம் மட்டும் ஒன்றாம் தேதி அவன் வீட்டுக்கு முழுசாக வந்துவிடும்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, லேபில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் உயிர் இல்லை.

மறுநாள் காலை திருவேங்கடம் சாலையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் நின்றது. பள்ளி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதில் அக்கா முகம் வீங்கித் தெரிந்தாள். அவள் கண்ணாடியை யாரோ கம்ப்யூட்டரில் அழித்திருந்தார்கள். கீழே வரிசையாக அண்ணனின் கூட்டாளிகள், குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு, பாதிப் பேர் சிரித்தபடி. அதில் இருந்த பதினேழு பேரில் ஒருவனுக்கும் அக்கா என்ன வேலை பார்த்தாள் என்று தெரிந்திருக்காது.

சாம்ராஜ் பத்து மணிக்கு வந்தார். அண்ணனே எழுந்துபோய், "வாங்க சார்" என்று ஷாமியானாவின் கடைசி வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்தான். ஸ்கூல் சார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான். கட்டிய மனைவியின் சாவுக்கு வந்தவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்தார். உடலை எடுக்கும்போது எழுந்து நின்றார். அவ்வளவுதான். பிறகு சிவகிரி பஸ் ஏறிவிட்டார்.

பாவாடை வாங்கி வந்த அன்று அவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"வேண்டாம் ப்ரியா. அவளே சொல்லல. நாம சொல்லி என்ன ஆகப் போவுது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். இரண்டு கோழைகள் சேர்ந்து கல்யாணம் செய்துகொண்டால் இப்படித்தான். சாட்சிக் கையெழுத்துப் போட்டவளும் அதே இனம்தான் என்பது கொஞ்ச நேரம் கழித்து உறைத்தது.

நாற்பத்தோராவது நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. காலையில் படையல். அண்ணன் வீடு கான்கிரீட் வீடு, பெட்டி கட்ட உத்தரம் கிடையாது. எனவே மாட்டாமல் விட்டிருந்த ஒரு ஃபேன் கொக்கியைக் கன்னிக்கு ஒதுக்கியிருந்தார்கள். சர்க்கரைப் பொங்கல், அதிரசம், ஜவ்வுமிட்டாய் எல்லாம் இலையில் இருந்தன. சர்க்கரை நோய்க்கு மாத்திரை தின்றுகொண்டிருந்தவளுக்கு.

எங்கள் அத்தை சங்கரம்மாள், அப்பாவின் அக்கா, இளையரசனேந்தலில் இருந்து வந்திருந்தாள். எழுபத்தெட்டு வயது. இந்தக் கூட்டத்தில் சாமியை உண்மையிலேயே நம்புகிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு வரன் அமைய வேண்டும், அவளுக்குச் சாமி வர வேண்டும்.

சாம்பிராணி போட்டதும் மதினிக்கு அருள் வந்தது. வரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முந்தின நாளே தலைக்குக் குளித்து, முடி தளர்வாக அவிழ்கிற மாதிரிதான் முடிந்திருந்தாள். சுற்றி ஆடினாள், மூக்கால் அழுதாள், சின்னப் பிள்ளைக் குரலில் பாவாடை கேட்டாள், ரிப்பன் கேட்டாள், ஜவ்வுமிட்டாய் கேட்டாள். அண்ணன் பயபக்தியோடு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, பாவாடையையும் ரிப்பனையும் பெட்டிக்குள் வைத்துக் கொக்கியில் கட்டினான். இருபத்திரண்டு வருடம் பியூரெட் கழுவிய என் அக்கா, ரிப்பனுக்கு அழுதுகொண்டிருந்தாள்.

அத்தை சும்மா இருக்கவில்லை.

"எல்லாத்தையும் குடுத்துட்டா ஆச்சா? வந்தது நம்ம புள்ளதானான்னு அடையாளம் கேக்கணும்லா" என்றாள்.

அருள் வந்தவரிடம் அடையாளம் கேட்பது எங்களிடம் உள்ள முறை. செத்தவருக்கும் உயிரோடு இருக்கிற ஒருவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் வந்தது சாமி. இல்லாவிட்டால் ஆடினவள் மானம் கப்பலேறும்.

அத்தை என்னைப் பார்த்தாள். "ஏட்டி ப்ரியா, நீதான அவ கூடவே திரிஞ்சவ. நீ கேளு."

அண்ணன் அதெல்லாம் எதற்கு, நேரம் ஆகிறது என்றான். சாமிக்கு என்ன அவசரம், பஸ்ஸையா பிடிக்கப் போகுது என்றாள் அத்தை.

நான் எழுந்து மதினியின் எதிரே போய் நின்றேன். மூன்று நாளாக நெஞ்சுக்குள் உருட்டிக்கொண்டிருந்த பேச்சு எதுவும் வரவில்லை. கேள்விதான் வந்தது.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை யாரப் பாக்கப் போன?"

தியானத்துக்கு என்று சொல்லுவாள், அதோடு அவள் ஆட்டத்தை அடக்கிவிடலாம் என்று நினைத்தேன். மதினியின் ஆட்டம் நின்றது. அவள் கண் ஒரு நொடி அண்ணன் பக்கம் போய்த் திரும்பியது. எத்தனையோ சாமியாட்டம் பார்த்திருக்கிறேன். புருஷனிடம் அனுமதி கேட்கிற சாமியை அன்றுதான் பார்த்தேன். அண்ணன் லேசாகத் தலையசைத்தான், வேண்டாம் என்று. ஆனால் தெருவே கூடி நின்றது. போலி என்று பெயர் வாங்கிக்கொண்டு நாளை அந்தத் தெருவில் நடக்க மதினியால் முடியாது. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்டால் எழுதாமல் வருகிறவள் இல்லை அவள்.

"சாம்ராஜப் பாக்க" என்றாள், சின்னப் பிள்ளைக் குரலில்.

மணி அடித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். அத்தை என் கையைப் பிடித்து, அடையாளம் சரிதானா என்று கேட்டாள். சரி என்றேன். யார் அது என்றாள். சொன்னேன். பதிவு செய்த வருடத்தையும் சேர்த்துச் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்று பதினோரு வருடமாகப் பயந்திருந்தேன்.

அண்ணன் கூட்டத்தைப் பார்த்து ஏதோ சொல்லப் போனான். அத்தை விடவில்லை.

"நீ பேசாத துரை. சாமியே வந்து சொல்லிட்டு. கட்டுனவன் உசிரோட இருக்கயில போனவ கன்னி இல்ல, சுமங்கலி. பாவாடைய எடு வெளிய. கட்டுனவன் கையால சேலை வாங்கி வைக்கணும். அவனக் கூப்பிடு."

மதினிக்கு அருள் எப்போது இறங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை. கூந்தலை முடிந்துகொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். வந்தது சாமி இல்லை, நான்தான் சொன்னேன் என்று அவளால் இனிச் சொல்ல முடியாது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அவளை நினைத்து எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

சாம்ராஜின் நம்பரைக் கொடுக்க நான் என் போனை எடுத்தேன். அதற்குள் அண்ணன் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துத் தேடி, அழுத்திக் காதில் வைத்துவிட்டான். என்னிடம் நம்பர் கேட்கவில்லை. காதுக்குக் கொண்டுபோகும்போது திரையில் இருந்த பெயரைப் பார்த்தேன். "லேப் சாமான்" என்று இருந்தது.

அவன் பேசி முடித்ததும் எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"போர்டுல ஒட்டுன மறுநாளே. கடைக்கு லோடு கொண்டாந்தவன் படிச்சிருக்கான்" என்றான். பிறகு, ஏதோ நான்தான் அவனுக்குத் தீங்கு செய்தவள்போல, "நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றான்.

பதினோரு வருடம் இருந்திருக்கிறான். ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறான். சாவு வீட்டில் தங்கை புருஷனுக்குக் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு, காபி கொடுத்து இருந்திருக்கிறான். திட்ட நினைத்தேன். அவனுக்குத் தக்க வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை. எனக்குத் தக்கதும் கிடைக்கவில்லை, நானும் இருந்தவள்தானே.

சாம்ராஜ் மூன்று மணிக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். கையில் துணிக்கடைப் பை. படையல் சோறு ஆறிப்போய், எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. அண்ணன் வாங்க மாப்பிள்ளை என்றான். எந்தக் கூச்சமும் இல்லாமல், நேற்றும் அப்படியே கூப்பிட்டவன் மாதிரி. அத்தை பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். பட்டு இல்லை. வெங்காயச் சருகு நிறத்தில் பருத்திச் சேலை.

"ஒரே ஒரு சேலை எடுக்கீரு, அதப் பட்டா எடுக்கப்படாதா வே?" என்றாள்.

"அவளுக்கு லேபுக்குக் கட்டிட்டுப் போறதுக்குப் பருத்திதான் தோது" என்றார் அவர்.

ஸ்டூலில் ஏறிப் பெட்டியை அவரே இறக்கினார். பாவாடையை எடுத்து மடித்து மதினியிடம் கொடுத்தார். சேலையை வைத்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடி ஒன்றை எடுத்துச் சேலைமேல் வைத்தார். அது அக்காவின் மூன்றாவது கண்ணாடி, சிவகிரி வீட்டில் இருந்தது. அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது.