காருக்கு வாங்கிய லாரி ஜாக்கி

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் லாரி ஓடியது. அதனால் ஜாக்கியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் போன மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மருமகள் தன் காருக்கு டயர் கழற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது எல்லாம் வாசலிலேயே தானே செய்துகொள்வாள். காரோடு வந்த சின்ன ஜாக்கி ஒருநாள் வழுக்கிச் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, அவள் கை உள்ளே இல்லை. உறுதியான ஒன்று வாங்க நாமக்கல்லுக்குப் புறப்பட்டாள். யாரும் கூப்பிடாமலே நானும் கூடப் போனேன். என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து பழக்கமான கடை.

அவள் தொட்டுப் பார்த்தது, சக்கரம் வைத்துத் தரையோடு தரையாக உருட்டித் தள்ளுகிற ஜாக்கி.

"இதென்ன அம்மிணி, நடைவண்டியா?" என்றேன். நெட்டுக்குத்தலாக நின்ற லாரி ஜாக்கியைக் காட்டினேன். "லோடு லாரியவே தூக்கறது, உன்ர காரைத் தூக்காதா?"

"தூக்குமுங்க அத்தை. உசரமா இருக்குதுங்களே, வண்டிக்கு அடியில போகோணுமல்லங்க?"

"நாங்க பாக்காத ஜாக்கியா?"

அவள் லாரி ஜாக்கியையே எடுத்துக்கொண்டாள். கடைக்காரர் வெளியே யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு எதுவும் அவர் காதில் விழவில்லை. வந்து பணத்தை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் சந்தனம், குங்குமம் வைக்கச் சொன்னேன். புது இரும்புச் சாமான் எதுவும் எங்கள் வீட்டில் அப்படித்தான் கைக்கு வரும். பிறகு அவள் அதைக் காருக்கு அடியில் வைக்கப் பார்த்தாள். போகவில்லை. படுக்கவைத்தால்தான் உள்ளே போகும். படுத்த ஜாக்கி எதைத் தூக்கும்?

எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். "மொதல்ல காரைத் தூக்கிப் புடிங்க, அப்பறம் ஜாக்கியை வெக்கலாமுங்க" என்று சிரித்தார்.

மறுநாள் ஜாக்கியில் வைத்த பொட்டை ஈரத்துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். திருகுமரை இடுக்கில் சிவப்பு போகவில்லை. கடைக்காரர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"பூசை போட்டதைத் திருப்பித் தர்றீங்களே! யாருங்க இதை எடுத்தது?"

"நாந்தானுங்க" என்றாள் மருமகள். "அளவு தெரியாம எடுத்துட்டேன்."

"லாரிக்கார ஊட்டு ஆத்தாவைக் கூட வெச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல?" என்று அவளைக் கடிந்துகொண்டார். எனக்கு நாற்காலி போட்டு, டீ வாங்கிவரச் சொன்னார்.

நான்தான் எடுக்கச் சொன்னேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. டீயைக் குடித்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டார். போதும் என்றேன்.

முனகிக்கொண்டேதான் மாற்றிக் கொடுத்தார். வீட்டில் அந்தத் தாழ்ந்த சக்கர ஜாக்கி சத்தமில்லாமல் காருக்கு அடியில் போய் நின்றது. மருமகள் கைப்பிடியை அழுத்துமுன் என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தை, நேரா உக்காந்திருக்குதுங்களா, பாத்துச் சொல்லுங்க."

குனிந்தேன். எங்கே பார்க்கவேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியலை அம்மிணி" என்றேன். "அதை நான் கடையிலயே சொல்லியிருக்கோணும்."

"அதை உடுங்க. இங்க பாருங்க, காரடித் தகட்டோட இந்த மடிப்பு ஜாக்கித் தலைமேல உக்காரோணும்."

அவள் விரல் காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.