ஒஸ்லோவில் இரண்டு விடிவெள்ளி

அல்பேர்ட், ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்கிறவர். 2001இல் விளையாட்டுச் சாமான் அறையைக் கூட்டப் போனபோது, பேஸ்போல் மட்டைகளும் தோல் கையுறைகளும் ஒரு பெட்டி நிறையத் தூசி குடித்துக் கிடந்தன. விரும்பினால் கொண்டுபோகலாம் என்றார்கள். கிரிக்கெட் ஆடியவனுக்கு இதென்ன பெரிய வித்தையா? ஒஸ்லோவில் இருந்த ஊர்ப் பெடியளைச் சேர்த்து அந்தக் கோடையிலேயே அணி தொடங்கிவிட்டார். பெயருக்காக மண்டையை உடைக்கவில்லை. பிறந்த ஊர்க் கழகத்தின் பெயர்தான்: விடிவெள்ளி.

அந்தப் பெயருக்கு ஒரு ராசி உண்டு. ஊரில் கரப்பந்துக்கு ஒரு விடிவெள்ளி இருந்தது. கோயில் திருநாளில் யார் கொடி பிடிப்பது என்று கொழுவுப்பட்டு, மேற்குத் தெருவில் இன்னொரு விடிவெள்ளி முளைத்தது. லண்டனில் இரண்டு. ரொறன்ரோவில் மூன்று என்று கேள்வி. எங்கள் ஆட்கள் கழகத்தை உடைப்பார்கள், பெயரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஒஸ்லோ மட்டும் தப்புமா?

2003இல் கழகத்தின் ஆண்டு விழாவில் குத்துவிளக்கு ஏற்றுவோர் பட்டியலை எழுதியது தலைவர் அல்பேர்ட். அவருடைய உயிர்க்கூட்டாளி சவிரிமுத்து. சவிரிமுத்துவின் மனைவி மரியகொறற்றி, விழாவுக்கென்று தனியாளாக இருநூறு றோல்ஸ் பொரித்துவிட்டு, புதுச்சேலையோடு முன்வரிசையில் காத்திருந்தார். ஐந்து திரியும் ஏற்றியாகிவிட்டது. அவர் பெயர் வரவேயில்லை. அல்பேர்ட் வேண்டுமென்று விடவில்லை, மறந்துபோனார். ஆனால் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அடுத்த மாதமே, சவிரிமுத்து வீடிருக்கும் ட்வெய்ட்டாப் பகுதியில் இரண்டாவது விடிவெள்ளி உதயமானது. தலைவர் சவிரிமுத்து.

அதன்பிறகு இருவருக்கும் பேச்சில்லை. தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் கைகொடுத்துச் சமாதானம் பரிமாறும் நேரம், முன்னே பின்னே நிற்கிற நோர்வேக்காரர் எல்லோருக்கும் கை கொடுப்பார்கள். ஒருவருக்கொருவர் மட்டும் கொடுக்க மாட்டார்கள். அல்பேர்ட்டுக்கு அது ஒவ்வொரு கிழமையும் வலித்தது. கூட்டாளி வேண்டும், வீறாப்பும் வேண்டும் என்றால் நடக்குமா?

2005இல் ஒரு கோடைப் பேஸ்போல் போட்டி வந்தது. இரண்டு கழகமும் தனித்தனியே பதிந்தன. பெயர் ஒன்று, உடுப்பின் நிறமும் ஒன்று. ஒரே அணி இரண்டு தரம் பதிந்துவிட்டது என்று நினைத்து, நடத்துகிறவர்கள் ஒன்றை வெட்டிவிட்டார்கள். மைதானத்தில் அல்பேர்ட்டோடு சேர்த்து இந்தப் பக்கம் ஆறு பேர், சவிரிமுத்துவோடு சேர்த்து அந்தப் பக்கம் ஐந்து பேர். மற்றவர்கள் வேலை, கலியாணவீடு என்று நழுவிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் ஒன்பது பேரின் பெயரைத் தாருங்கள் என்று சொல்லிவிட்டு நடத்துகிற பெண்மணி போய்விட்டார்.

இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் அணி; அந்தப் பதினொன்றில் யார் இருவரைக் கழிப்பது? பந்தெறிகிற அபிலாஷ் யோசிக்கவேயில்லை.

"தலைவர்மார் ரெண்டு பேரும் வெளியிலை இருங்கோ. ரெண்டு அடி ஓட முன்னம் உங்களுக்கு மூச்சு வாங்குது."

மற்ற ஒன்பது பெயரையும் அவனே எழுதிக் கொடுத்தான்.

ஒரே வாங்குப் பலகையின் இரண்டு நுனியில் இரண்டு தலைவர்களும் குந்தினார்கள். நடுவில் தண்ணீர்ப் போத்தல்கள். அபிலாஷ் அடித்த பந்து வேலிக்கு மேலால் பறந்தபோது, "அடிச்சிட்டான்ரா!" என்று இருவரும் ஒன்றாகத் துள்ளி எழும்பினார்கள். திரும்ப இருக்கும்போது அல்பேர்ட்டால் அடக்க முடியவில்லை.

"மச்சான், அண்டைக்குக் கொறற்றியின்ரை பேரை நான் மறந்துதான் போனன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமோ ரெண்டு வருசம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிஞ்சனீ?"

"நீ வாய் திறப்பாய் எண்டு பாத்தனான்." சவிரிமுத்து மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னட்டைச் சொல்லி என்ன? பொரிச்சது அவள்."

அல்பேர்ட் ஆட்டம் முடியும்வரை நிற்கவில்லை. விளையாட்டு உடுப்போடேயே சுரங்க ரயில் பிடித்து ட்வெய்ட்டாவில் இறங்கி, மூன்றாம் மாடி ஏறிச் சவிரிமுத்து வீட்டு மணியை அடித்தார். மரியகொறற்றி கதவைத் திறந்தார்.

"தங்கச்சி, பிழை என்னிலைதான். உங்கடை பேரை மறந்துபோனன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மூண்டு மாடி ஏறிவர ரெண்டு வருசமோ அண்ணை?" என்று கேட்ட மரியகொறற்றிக்குக் கண் நிறைந்துவிட்டது. கதவை அகலத் திறந்துவிட்டார்.