ஒரு நாள் முந்திய கேக்

மூன்று வருடங்களுக்கு முன்பு துபாய் அல் கூஸில், ஹோட்டல் சமையலறைச் சாமான்கள் விற்கும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். எனக்கு மேலே இரண்டு பேர். விற்பனையைப் பார்த்தது ஒரு அமெரிக்க மேடம். கிடங்கைப் பார்த்தது ஒரு ஜெர்மன் சார். மேடத்திடம் எதைக் கேட்டாலும் ‘சூப்பர், நோ பிராப்ளம்’தான். சாரிடம் எதைக் கேட்டாலும் முதலில் ‘ஏன்?’

அப்போது ஊரில் என் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம். “நீங்க வராம நான் ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்க மாட்டேன், ஆமா!” என்று போனில் அழுவாள். ஆனால் லீவுக்கு எழுதிக் கொடுத்து ஒன்பது நாளாகியும் சார் கையெழுத்துப் போடவில்லை. காரணம் என்ற இடத்தில் ‘குடும்ப விஷயம்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதைப் பேப்பரில் எழுதுவானேன் என்று ஒரு பயம். எல்லோர் வீட்டுக் கதையையும் விசாரிக்கும் மேடத்துக்கு மட்டும் விஷயம் தெரியும். லீவு கிடைத்த மாதிரிதான் என்று அவர் அடித்துச் சொன்னதை நம்பி டிக்கெட்டும் போட்டுவிட்டேன்.

சாருக்குச் சனிக்கிழமை பிறந்தநாள். அன்று ஆபீஸ் கிடையாது. வெள்ளிக்கிழமையே கொண்டாடிவிடலாம் என்றார் மேடம். கேக் வாங்கும் வேலையை நானே பாய்ந்து வாங்கிக்கொண்டேன். கேக்கைப் பார்த்து மனசு இளகிக் கையெழுத்துப் போட்டுவிட மாட்டாரா! மெழுகுவர்த்தி ஏற்றி, முதல் ஆளாய் அவர் அறைக்குள் நுழைந்து பாட்டையும் ஆரம்பித்தேன்.

சார் முகம் செத்துப்போயிற்று. நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பிறந்தநாள் நாளைக்குத்தான், முன்னாலேயே வாழ்த்தினால் ஆகாது, எங்கள் ஊரில் அது கெட்ட சகுனம், எடுத்துக்கொண்டு போ என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு திருகாணி குறைந்தாலும் விளக்கம் கேட்கிற மனுஷனுக்குச் சகுனமா! மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கோ அழுகை முட்டியது. போச்சு, லீவு அவ்வளவுதான்.

கேக்கை மேஜையில் வைத்துவிட்டு நின்ற என்னைத் தேற்ற, மேடம் ஒரு பெட்டியைத் தூக்கிவந்து திறந்தார். உள்ளே குட்டிச் சட்டை, குட்டி ஷூ, ‘வாழ்த்துகள் அப்பா’ என்று எழுதிய பலூன். அவர்கள் ஊரில் பிறப்பதற்கு முன்பே பரிசு கொடுத்துவிடுவார்களாம். எங்கள் வீட்டிலோ பிள்ளை பிறக்கும்வரை அதற்கென்று ஒரு கைக்குட்டைகூட வாங்க மாட்டார்கள். “ஐயோ, வேணாம் மேடம், வேணாம்!” என்று தமிழிலேயே அலறிப் பின்னால் நகர்ந்தவன், கேக்கில் கையை ஊன்றிவிட்டேன்.

சத்தம் கேட்டு சார் வெளியே வந்தார். பெட்டியைப் பார்த்தார். க்ரீம் வழியும் என் கையைப் பார்த்தார். உங்கள் ஊரிலும் முன்னாலேயே கூடாதா என்று கேட்டார். தலையாட்டினேன். பாவம், ஆசையாக வாங்கிய மேடம் முகம் வாடி நிற்க, அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கி, டேப் ஒட்டி, தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார் சார். பிறகு என் ஃபாரத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். இதையாவது முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று திட்டும் விழுந்தது. திட்டு அவ்வளவு இனிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மகள் பிறந்ததும் ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்து சாருக்குப் போன் செய்தேன். நிஜமாகவே பிறந்துவிட்டதா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் வாழ்த்துச் சொன்னார். பின்னாலிருந்து மேடம் போட்ட கூச்சலில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

லீவு முடிந்து திரும்பியபோது என் மேஜையில் அந்தப் பெட்டி, ஒட்டிய டேப் பிரியாமல் இருந்தது. ஷூ என் மகளுக்கு எப்போதோ சின்னதாகிவிட்டது. ஆனாலும் முந்திக்கொண்டு ஓடிவந்த மேடத்தின் அன்பையும், பூட்டிவைத்துக் காத்திருந்த சாரின் அன்பையும் நினைத்து அதை இன்றுவரை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.