இந்தி எழுத்தில் ஒரு தமிழ்க் கட்டுரை

பொதுத்தேர்வு முடிவு வந்த மறுநாளே எங்கள் பள்ளி வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் ஏறிவிடும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இத்தனை சதவீதம் என்று யானை அளவு எழுத்தில் போட்டிருக்கும். கீழே நல்ல மதிப்பெண் வாங்கியவர்களின் படங்கள். தவறியவர்களுக்குப் படமும் இல்லை, பெயரும் இல்லை. தில்லியில் தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் நான்.

என் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் தமிழில் பேசுவார்கள், தமிழில் சண்டை போடுவார்கள், அடிபட்டால் தமிழில்தான் அழுவார்கள். எழுதச் சொன்னால் மட்டும் பேனா ரிவர்ஸ் கியரில் போகும். எங்கும் இந்தி எழுத்தையே பார்த்து வளர்ந்த கைக்குத் தமிழ் எழுத்து விருந்தாளி மாதிரி. அதனால் அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். நான் சொல்லும் தமிழை அப்படியே இந்தி எழுத்தில் ஓட்டமாக எழுதிக்கொள்வார்கள். பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழுக்கு மாற்றுவார்கள். கட்டுரை என்றாலும் இதே கதைதான். முதலில் இந்தி எழுத்தில் வரைவு, அப்புறம் தமிழில் நகல். நான் திட்டாத நாளில்லை. என் திட்டு அவர்களுக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி பழகிவிட்டது.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பிலிருந்து வந்தாள். அப்பா பெயின்டர். அம்மா பக்கத்துக் காலனியில் நான்கு வீடுகளில் வேலை செய்தார். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பம், ஆனால் பெண் பிறந்தது இங்கே. கணக்கில் அவளை அடித்துக்கொள்ள வகுப்பில் ஆளில்லை. பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்து, வங்கி வேலைக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழில் மட்டும் எப்போதும் கரை ஓரத்திலேயே நிற்பாள். அறிவில்லாமல் இல்லை. நேரம் போதாமல்.

ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே எங்கள் பிரின்சிபாலின் கண்ணில் அவள் பட்டுவிட்டாள். பேனரில் நூறு என்று போட அவருக்குக் கொள்ளை ஆசை. கரை ஓரத்துப் பிள்ளைகளையெல்லாம் திறந்தநிலைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் சதவீதம் தானாக ஏறும், அதுதான் அவருடைய கணக்கு. நான் சண்டை போட்டேன். கணக்கில் முதலாவதாக வருகிற பெண்ணை வெளியே தள்ளுவதற்குப் பெயர் என்ன என்று கேட்டேன். கடைசியில் அவர் ஒரு படி இறங்கி வந்தார். தமிழை விட்டு இந்தி எடுத்துக்கொள்ளட்டும், இங்கேயே இருக்கட்டும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. இந்தியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு எண்பது வாங்குவாள்.

அவளுடைய அம்மாவை வரவழைத்து, பிரின்சிபால் சொன்னதைச் சொன்னேன். வேலைக்கு நடுவே வந்திருந்தார், துப்பட்டாவை இடுப்பில் கட்டியபடி. நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, தலையை ஆட்டினார். ஆமாம் என்கிற ஆட்டல் இல்லை.

"எங்களுக்கு இங்க எது மேடம் நெலை? ஒரு நாள் எழுந்து போன்னு சொல்லிட்டா ஊருக்குத்தான போவணும். அங்க போயி என் பொண்ணு, என்ன மாரி பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியாம நிக்கணுமா? தமிளே இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தமிழ் வேண்டாம் என்று ஒரு தமிழ்த் தாயிடம் தமிழாசிரியை எந்த வாயால் வாதாடுவது? கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

அந்த ஒரு வருடம் அவளைப் படாதபாடு படுத்தினேன். மதிய இடைவேளையில் என் பக்கத்தில் உட்காரவைத்து, நேராகத் தமிழிலேயே எழுத வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் வந்தது. மாதிரித் தேர்வில் தேறிவிட்டாள். பிரின்சிபால் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

தமிழ்த் தேர்வு நாளன்று தேர்வு மையத்து வாசலில் நின்றேன். எங்கள் பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள், ஈஸி ஈஸி என்று கத்திக்கொண்டு. அவள் கடைசியாக வந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவளைத் தனியே அழைத்துப் போனேன்.

"கட்டுரை எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் மேம். ஃபுல்லா எழுதிட்டேன்." வினாத்தாளை நாலாய் மடித்தாள். "ஆனா மேம், பயத்துல மொதல்ல ஜல்தி ஜல்தி இந்தி எழுத்துல எழுதிட்டேன். தமிழ்ல மாத்தறதுக்குள்ள டைம் கதம் ஆயிடுச்சு. பேப்பர புடுங்கிட்டாங்க."

மற்ற பகுதிகளில் என்ன எழுதினாள் என்று விசாரித்தேன். மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். கட்டுரைக்குக் கொஞ்சமாவது கிடைத்தால் தேறுவாள். ஒன்றுமே கிடைக்காவிட்டால் தேறமாட்டாள். அவ்வளவுதான் விஷயம். போய்ச் சாப்பிடு, அடுத்த பரீட்சைக்குப் படி என்று அவளிடம் சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்?

விடைத்தாள் திருத்தும் மையத்தில் எனக்கும் வேலை போட்டிருந்தார்கள். தில்லியில் தமிழ்த் தாள் திருத்த நாங்கள் ஒரு கைப்பிடி பேர்தான், ஒரே அறையில்தான் உட்காருவோம். எந்தத் தாள் யாருடையது என்று தெரியாதபடி எண்ணை மறைத்திருப்பார்கள். தன் பள்ளித் தாள் என்று சந்தேகம் வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. போனை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, எங்கள் குழுவுக்குத் தலைமை தாங்கிய மூத்த ஆசிரியர் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். தஞ்சாவூர்க்காரர், தில்லியிலேயே தலை நரைத்தவர், நல்ல மனிதர். இந்தக் கூத்தைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். தலைப்பு தூய்மை. எழுத்து இந்தி. அவர் வாயிலிருந்து வந்ததோ தமிழ்.

"எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கடை நாலா ஓடுகிறது. மழை வந்தால் அது வீட்டுக்குள் வந்துவிடும். நாங்கள் அதை வெளியே தள்ளுவோம். அம்மா மற்றவர்கள் வீட்டைச் சுத்தம் செய்துவிட்டு வந்து எங்கள் வீட்டைச் சுத்தம் செய்வார். எங்களுக்குத் தூய்மை என்பது தினமும் இருக்கிற வேலை."

இரண்டாம் வரியிலேயே அவர் சிரிப்பு நின்றுவிட்டது. முழுவதும் வாசித்தார். இந்தத் தாள் கட்டுக்குள் இதைவிட நல்ல கட்டுரை இல்லை என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டுப் பேனா மூடியைத் திறந்தார்.

நான் பொறுக்க முடியாமல், மொழி தமிழ்தானே சார் என்று கேட்டேன்.

"மொழி தமிழ்தாம்மா. தமிழ் எழுதத் தெரியுமான்னுதானே தேர்வு வைக்கிறாங்க? இந்தி எழுத்துக்கு மார்க் போட்டீங்களான்னு மேலேருந்து கேட்டா, நான் எதைக் காட்டறது?"

பாதியாவது போடலாமே என்றேன். மதிப்பெண் பங்கீட்டுத் தாளைத் திருப்பிக் காட்டினார். கருத்துக்கு இவ்வளவு, நடைக்கு இவ்வளவு, பிழையின்மைக்கு இவ்வளவு. இப்படி ஒரு பிள்ளை வரும் என்று யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. இது என் பிள்ளை என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் அவளுடைய தாளும் போகும், என் வேலையும் போகும். அவர் வட்டமாக ஒரு பூஜ்யம் போட்டார். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய் நின்றேன். இத்தனை ஆத்திரமும் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

முடிவு வந்தது. கணக்கில் தொண்ணூற்றைந்து. தமிழில் தவறிவிட்டாள். பேனரில் நூறு வரவில்லை. பிரின்சிபால் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். ஜூலையில் மறுதேர்வு இருந்தது. எழுதித் தேறிவிட்டால் எல்லாரோடும் பதினொன்றில் உட்காரலாம். நான் அவளிடம் தைரியம் சொன்னேன். இந்த முறை கட்டுரையை முதலில் எழுதிவிடு, நேராகத் தமிழில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம் என்றேன். சரி மேம் என்றாள்.

மறுதேர்வுக்கு முன்னால் புல்டோசர் வந்துவிட்டது. கோர்ட் உத்தரவு என்றார்கள். கேம்ப்பில் பாதிக்கு மேல் தரையானது. சிலருக்குத் தில்லியின் கோடியில் நரேலாவில் மாற்று வீடு கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. இவர்களுக்குக் கிடைக்கவில்லை, ஊருக்கே திரும்பிப் போவதென்று முடிவு செய்திருந்தார்கள். நான் போனபோது அவளும் அம்மாவும் ஒரு மேஜை ஃபேனையும் இரண்டு மூட்டைகளையும் வைத்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் தமிழ்ப் புத்தகம் இருந்தது. படிக்கவில்லை, வைத்திருந்தாள்.

தேர்வு முடியும்வரை பெண் என் வீட்டில் இருக்கட்டும் என்று கேட்டேன். கோல் மார்க்கெட்டில் குவார்ட்டர்ஸ், ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வயசுக்கு வந்த பெண்ணை விட்டுவிட்டுத் தாங்கள் இரண்டு நாள் ரயில் தூரத்தில் எப்படி இருப்பது என்றார். பரீட்சைக்குக் கண்டிப்பாக அப்பாவோடு அனுப்புகிறேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சொன்ன நேரத்தில் அப்படித்தான் நினைத்திருப்பார்.

மறுதேர்வு அன்று ஹால் டிக்கெட்டைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன். வெயில் கொளுத்தியது. அவர்கள் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. காவலாளி கேட்டைச் சாத்தும்போது, யாருக்காவது காத்திருக்கிறீர்களா என்று கேட்டான். இல்லை தம்பி என்றேன்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் வகுப்பில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அவள்தான். கள்ளக்குறிச்சிப் பக்கம் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாளாம். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற வேலை. முதியோர் பென்ஷன், பட்டா, சாதிச் சான்றிதழ். அன்றைக்கு ரயிலுக்கு வழியில்லை மேம் என்றாள். பிப்ரவரியில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, நான் பணம் கட்டுகிறேன் என்று அவசரமாகச் சொன்னேன். பாக்கலாம் மேம் என்றாள். தமிழில் பாக்கலாம் என்றால் என்ன பொருள் என்று தமிழாசிரியைக்குத் தெரியாதா?

"இப்ப இந்தி எழுத்துல எழுதறதில்ல மேம். நேரா தமிழ்லயே வருது."

"வேகமா வருதா?"

"ரொம்ப வேகமா. ஒரே நாள்ல முப்பது மனு கூட எழுதுறேன்."

முப்பதா என்று கேட்டேன். அதற்குள் அவளுடைய அம்மா போனை வாங்கிக்கொண்டார். குரலில் அப்படி ஒரு பெருமை.

"நல்ல வேள மேடம், அன்னிக்கு அந்த பிரின்சிபால் சாரு பேச்சக் கேட்டு இந்தி எடுக்கல. தமிளு இருந்ததாலதான் இந்த வேலையே கெடச்சுது. எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்தது."

என் பின்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வரிகளுக்கு நடுவே இந்தி எழுத்தில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார்கள். சரிம்மா, உடம்பைப் பார்த்துக்குங்க என்று சொல்லிப் போனை வைத்தேன்.